கூகுள் கண்ணில் படாத கருப்பு கவுனி

"வெப்சைட் போட்டு ஒரு வருசம் ஆச்சுங்க. அது வழியா ஒரு ஆர்டர்கூட வரல." நேரடி விற்பனையில் இறங்கிய உழவர்கள் கூடுகிற இடங்களில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 'கருப்பு கவுனி' என்று கூகுளில் தேடிப் பாருங்கள். முதலில் வருவது நகரத்துக் கடைகளும் பெரிய ஆன்லைன் வியாபாரிகளும்தான். விளைய வைத்தவர் எங்கேயோ பின்னால் கிடக்கிறார். மண்டியில் இடைத்தரகரை விட்டு விலகி வந்தோம். அவரே இப்போது தேடுபொறி வழியாக வந்து நடுவில் உட்கார்ந்தால் நேரடி விற்பனைக்கு என்ன பொருள்?

அவர்கள் தளம் பழையது, பல தளங்கள் அதற்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன, விளம்பரத்துக்குப் பணமும் இருக்கிறது. இதையெல்லாம் நாம் உடனே மாற்ற முடியாது. ஆனால் நம் பக்கத்தை எப்படிக் கட்டுவது என்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. பல உழவர் தளங்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

கூகுள் ஒரு மென்பொருளை அனுப்பித் தளங்களைப் படிக்கிறது. ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததுக்கு. வாய்க்கால் தண்ணி மாதிரி. மடை திறக்காத பாத்திக்குத் தண்ணி போகாதில்லையா? அதுபோல எந்த இணைப்பும் இல்லாத பக்கத்தை அது கண்டுபிடிப்பது கஷ்டம். தளத்துக்குள் தேடல் பெட்டியில் பெயர் அடித்தால் மட்டும் வருகிற பொருள் பக்கம் என்றால், கூகுள் அந்தப் பெட்டியில் எதையும் அடித்துப் பார்க்கப் போவதில்லை. முகப்பிலிருந்து 'அரிசி வகைகள்', அங்கிருந்து ஒவ்வொரு ரகத்துக்கும் என்று வெளிப்படையாக இணைப்பு இருக்க வேண்டும். அந்த இணைப்பிலும் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல் 'பூங்கார் அரிசி' என்றே எழுதுங்கள்.

அடுத்தது படம். அச்சகத்தில் அழகாக ஒரு போஸ்டர் செய்து, 12 ரகமும் விலையும் அதிலேயே போட்டு, அந்தப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நம் கண்ணுக்கு அது விலைப்பட்டியல். கூகுளுக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீங்க. பெயர், விலை, சான்றிதழ் எண் எல்லாவற்றையும் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படம் ஏற்றும்போது 'மாற்று உரை' என்று ஒரு கட்டம் வரும். பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிடுகிறோம். 'தீட்டாத மாப்பிள்ளை சம்பா அரிசி, முறத்தில்' என்று ஒரு வரி போதும். பார்வையற்றவர்களுக்குப் படத்தை வாசித்துக் காட்ட வந்த வசதி அது. தேடலுக்கும் உதவுகிறது.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டிவிடுவது. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூளம். 'சீரகச் சம்பா' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் எப்படி வரும்? தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், ஒரு பக்கத்துக்கு ஒரே பொருள். 12 ரகத்தையும் ஒரே பக்கத்தில் அடைத்தால், அது எதைப் பற்றிய பக்கம் என்று கூகுளால் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பக்கம் போடுங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. தேடல் முடிவில் பெரும்பாலும் நீல நிறத்தில் தெரிகிற வரி அதிலிருந்துதான் வருகிறது. பல தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் அது 'முகப்பு' என்றே இருக்கும்! 'கருப்பு கவுனி அரிசி: விளைவித்தவரிடமே வாங்கலாம்' என்று பக்கத்துக்குப் பக்கம் தனியாக எழுத வேண்டும்.

உள்ளே துணைத் தலைப்புகள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. தளத்தை எழுதும் மென்பொருளில் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தலைப்புகள் வாங்குகிறவர் கேட்கிற கேள்வியாகவே இருக்கட்டும்: எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும்? குக்கரில் எத்தனை விசில்? இட்லிக்கு ஆகுமா? போனில் தினமும் பதில் சொல்கிறோமே, அதையே எழுதுங்கள். எந்த வயலில் விளைந்தது, எப்போது அறுவடை, எந்த மில்லில் அரைத்தது என்பதையும் சேர்த்துவிட்டால், எந்த வியாபாரியும் எழுத முடியாத பக்கம் அது. 'கறுப்பு கவுனி' என்று எழுதித் தேடுகிறவர்களும் உண்டு, ஆங்கில எழுத்தில் பெயரை அடிக்கிறவர்களும் உண்டு. அந்த வடிவங்களும் பக்கத்தில் இயல்பாக ஓரிடத்தில் வரட்டும்.

கூகுள் இப்போது கைப்பேசியில் தெரிகிற வடிவத்தைத்தான் முதன்மையாகக் கணக்கில் எடுக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்து போனில் காணாமல் போகும் தகவல் வீண். வேகமும் முக்கியம். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். படத்தின் நீள அகலத்தையும் குறித்துவிட்டால், 'வாங்க' பொத்தானைத் தொடப் போகும்போது அது கீழே நழுவி ஓடாது. உச்சியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்லைடர் படங்கள் என்னைக் கேட்டால் தேவையே இல்லை. தளம் செய்து தருகிறவருக்குத்தான் அது பெருமை.

'முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம், உத்தரவாதம்' என்று போன் வரும். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. ஒரே சொல்லை ஐம்பது தடவை போடுவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தை ஒளிப்பது எல்லாம் யூரியா வேலை. நாலு நாள் பச்சையாகத் தெரியலாம். கூகுள் கண்டுபிடித்தால் தளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும், முடிவுகளிலிருந்தே தூக்கியும் விடலாம். 'கீவேர்டு' என்று தனியாக ஒரு குறியில் சொற்களை நிரப்பித் தந்து காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒரு கருவி இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் தளத்தை அதில் பதிந்தால், எந்தெந்தப் பக்கம் கூகுளின் பட்டியலில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்று காட்டும். எந்தச் சொல்லைத் தேடினவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது என்பதும் அதில் இருக்கும். பக்கங்களைத் திருத்திய பிறகு பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், சிலசமயம் மாதங்கள். அதுவரை வாரம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். யாரோ 'தூயமல்லி பழைய சோறு' என்று தேடி உங்கள் தளம் வரை வந்திருந்தால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுதான்.