நான்கு வனநாடுகளின் ஏரி

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் வடபுறத்தில், ஒழுங்கற்ற சிலுவை போன்ற வடிவில் ஓர் ஏரி கிடக்கிறது. ஆங்கிலேயர் அதனை லூசேர்ன் ஏரி என்பர். கரையில் வாழும் ஜெர்மானிய மொழியினர் இட்ட பெயரோ நீளமானது: ஃபியர்வால்ட்ஷ்டெட்டர்ஸே. 'நான்கு வனநாடுகளின் ஏரி' என்பது அதன் பொருள். ஊரி, ஷ்வீட்ஸ், உண்டர்வால்டன், லூசேர்ன் என்பன அந்த நான்கு நாடுகள். கடல் மட்டத்திற்கு மேல் 434 மீட்டர் உயரத்தில், 114 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்து, 214 மீட்டர் வரை ஆழ்ந்து செல்லும் இந்நீர்நிலையை ஓரிடத்தில் நின்று முழுவதும் கண்டுவிட இயலாது. ஒரு கரத்தைக் கண்டால் மறு கரம் மலைக்குப் பின்னே மறைந்துகொள்ளும். சொகுசுப் பேருந்தில் வந்து, லூசேர்ன் நகரப் பாலத்தடியில் படம் பிடித்து, கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு அன்று மாலையே பாரீசுக்குப் பறந்து செல்வோர் பலர். அவர்கள் ஏரியைக் கண்டதாகச் சொல்வது, கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு ஆலயத்தைத் தரிசித்ததாகச் சொல்வது போன்றதே.

இவ்வேரியை அறிய விரும்புவோர்க்குப் படகு, கால், மிதிவண்டி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் முதலிடம் படகுக்கே. தென்கோடியில் ஊரி ஏரி எனப்படும் கரத்தில் மலைகள் நேரே நீருக்குள் இறங்குகின்றன. புருன்னன், ஃப்ளூயலன் என்னும் ஊர்களுக்கிடையே பாறையைக் குடைந்து ஆக்சன் சாலை அமைக்கப்பட்டது 1860களில்தான். அதற்கு முன்னர், கோட்ஹார்டு கணவாய் வழியே இத்தாலியிலிருந்து வந்த சரக்கெல்லாம் ஃப்ளூயலனில் கோவேறு கழுதைகளின் முதுகிலிருந்து இறக்கப்பட்டுப் படகேறியது. மலை பிரித்துவைத்த மக்களை நீரே இணைத்தது. நான்கு நாட்டினர் ஒரு குடையின்கீழ் வந்த வரலாற்றுக்கு இவ்வேரி வெறும் பின்னணியன்று, அதுவே வழி.

இன்றும் ஐந்து பழைய நீராவிக் கப்பல்கள் இந்நீரில் ஓடுகின்றன. அவற்றுள் மூத்தது 1901ஆம் ஆண்டின் 'ஊரி'. இளையது 1928ஆம் ஆண்டின் 'ஷ்டாட் லூசேர்ன்'. இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் சுழல, நடுத்தட்டில் நின்று குனிந்து நோக்கினால், எண்ணெய் பூசி மினுக்கிய எஃகுத் தண்டுகள் நம் கண்ணெதிரேயே முன்னும் பின்னும் இயங்குவதைக் காணலாம். நிலக்கரிக்குப் பதிலாக இப்போது எண்ணெய் எரிக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பெரிய மாற்றம் இல்லை. சிறுவர்கள் மலையை மறந்து அங்கேயே நின்றுவிடுகின்றனர். பெரியவர்களும் அப்படியே!

ஏரி எப்போதும் சாந்தமானது என்று எண்ணிவிட வேண்டா. தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் 'ஃபேன்' என்னும் வெப்பக்காற்று ஊரி ஏரியைச் சிறிது நேரத்தில் கொந்தளிக்கச் செய்துவிடும். கரையோரங்களில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் வைத்துள்ளனர். நிமிடத்திற்கு 40 முறை மின்னினால் கவனம் தேவை என்று பொருள். 90 முறை மின்னினால் சிறு படகுகள் உடனே கரை சேரவேண்டும்.

இக்காற்றுக்கும் புயலுக்கும் அக்காலத்தார் கற்பித்த காரணம் ஒன்று உண்டு. லூசேர்ன் நகருக்குத் தெற்கே 2,128 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலையின் பெயர் பிலாத்துஸ். நம் ஆண்டவருக்குத் தீர்ப்பளித்த போஞ்சு பிலாத்துவின் உடல் அம்மலையிலுள்ள சிறு குட்டையில் கிடக்கிறது என்றும், யாரேனும் கல்லெறிந்து அவனை எழுப்பினால் பெரும்புயல் கிளம்பி நகரை அழிக்கும் என்றும் மக்கள் நம்பினர். நகர மன்றம் அம்மலைமீது ஏறலாகாதெனத் தடை விதித்தது. 1387இல் தடையை மீற முயன்ற ஆறு குருக்கள் சிறையிலிடப்பட்டனர். மலையேறும் ஆசைக்காகச் சிறை சென்ற குருக்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1585இல், லூசேர்ன் பங்குத்தந்தை யோகான்னஸ் முல்லர் சாட்சிகளை அழைத்துக்கொண்டு மேலே சென்றார். குட்டையில் கல்லெறிந்து நீரைக் கலக்கினார். புயல் வரவில்லை. அச்சத்தைப் போக்க மேடையில் பேசிக்கொண்டிராமல் தாமே ஏறிப் போன அப்பங்குத்தந்தையை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்று அம்மலைக்கு 1889 முதல் பற்சக்கர இரயில் ஓடுகிறது. அதன் செங்குத்து உலகிலேயே மிகுதி. நூறு அடிக்கு 48 அடி ஏற்றம்.

இனிக் கால்நடைக்கு வருவோம். ஊரி ஏரியின் மேற்குக் கரையில், காட்டிற்கும் நீருக்கும் இடையே, ரூட்லி என்னும் புல்வெளி இருக்கிறது. 1291இல் ஊரி, ஷ்வீட்ஸ், உண்டர்வால்டன் ஆகிய மூன்று நாட்டினர் ஒருவரையொருவர் காப்பதாக இங்கே ஆணையிட்டனர் என்பது மரபு. கூட்டாட்சியின் பிறப்பிடமான அதற்கு இன்றும் மோட்டார் வண்டி போகாது. படகிலோ நடந்தோதான் சேரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்தில் உணவு விடுதி ஒன்று எழவிருந்தது. பள்ளிச் சிறுவர்கள் நாடெங்கும் காசு திரட்ட, 1859இல் நிலம் விலைக்கு வாங்கப்பட்டு நாட்டிற்கு வழங்கப்பட்டது. 1940 ஜூலை 25 அன்று, பிரான்சு வீழ்ந்து நாற்புறமும் பகைவர் சூழ்ந்த வேளையில், தளபதி கீசான் தம் உயர் அதிகாரிகளை இங்கே கூட்டி, எதிர்த்து நிற்பதென்ற முடிவை அறிவித்தார். அவர்களைச் சுமந்து வந்தது 'ஷ்டாட் லூசேர்ன்' கப்பல்தான். இன்று அதே தட்டில் குழந்தைகள் பனிக்கூழ் தின்கின்றனர்.

ரூட்லியில் தொடங்கி ஊரி ஏரியைச் சுற்றிப் புருன்னனில் முடியும் 35 கிலோமீட்டர் நடைவழிக்குச் 'சுவிட்சர்லாந்தின் பாதை' என்று பெயர். கூட்டாட்சியின் 700ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 1991இல் திறக்கப்பட்டது. இதனை வகுத்த முறை நயமானது. நாட்டின் குடிகள் ஒவ்வொருவருக்கும் ஐந்து மில்லிமீட்டர் வழி என்று கணக்கிட்டு, மாநிலங்கள் கூட்டாட்சியில் சேர்ந்த வரிசைப்படி பங்கிட்டனர். மக்கள்தொகை மிகுந்த சூரிக் மாநிலத்தின் பங்கைக் கடக்க வெகுநேரம் நடக்கவேண்டும். உள் அப்பென்செல் நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். அமைச்சருக்கும் அன்று பிறந்த குழவிக்கும் அதே ஐந்து மில்லிமீட்டர்தான். இரண்டு நாட்களில் ஆறுதலாக நடந்து முடிக்கலாம். பாறைச் சரிவினால் சில பகுதிகள் அவ்வப்போது அடைக்கப்படுவதுண்டு, கேட்டறிந்து செல்க.

அவ்வழியில் பாவன் என்னும் சிற்றூர் வரும். அங்கே 1808இல் பிறந்த அல்பெரிக் ஸ்விசிக் பிற்காலத்தில் சிஸ்டர்சியன் துறவியானார். 1841இல் ஆர்காவ் மாநில அரசு அவருடைய வெட்டிங்கன் மடத்தைக் கலைத்துத் துறவியரை வெளியேற்றியது. வீடற்றவராய்ச் சூக் நகரில் தம் சகோதரரிடம் தங்கியிருந்தபோது, சூரிக் நகரத்துப் புராட்டஸ்டாண்டு கவிஞர் லெயோன்ஹார்டு விட்மர் ஒரு பாடலை அனுப்பி இசையமைக்க வேண்டினார். ஸ்விசிக், முன்பு திருப்பலிக்கென்று தாம் அமைத்திருந்த மெட்டை அப்பாடலுக்குப் பொருத்தினார். ஆறு ஆண்டுகளில், 1847இல், கத்தோலிக்க மாநிலங்களும் எஞ்சிய மாநிலங்களும் ஒன்றையொன்று எதிர்த்து ஆயுதம் தூக்கின. ஏரியைச் சூழ்ந்த நான்கு நாடுகளும் தோற்ற பக்கத்தில் இருந்தன. போர் ஒரு மாதத்திற்குள் முடிந்ததும், மாண்டோர் நூறு பேரளவில் நின்றதும் பெருங்கருணையே. துரத்தப்பட்ட துறவியும் புராட்டஸ்டாண்டு கவிஞரும் சேர்ந்து படைத்த அப்பாடல் 1981 முதல் சுவிட்சர்லாந்தின் முறையான நாட்டுப்பண்ணாக விளங்குகிறது.

மிதிவண்டிக்காரருக்கு ஏரியின் வடகரை ஏற்றது. ரீகி மலை வடகாற்றைத் தடுப்பதால் வெக்கிஸ், விட்ஸ்நாவ் ஊர்களில் அத்திமரம் காய்க்கிறது. அப்பால் கெர்சாவ், 1390இல் தன் பிரபுக்களிடமிருந்து விடுதலையை விலைக்கு வாங்கி, 1798 வரை தனிக் குடியரசாய் இருந்த கிராமம்! அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள பெக்கன்ரீடுக்கு வண்டியோடு படகில் கடக்கலாம். ஆக்சன் சாலையில் சரக்கு லாரிகளின் நெருக்கம் மிகுதி. குடும்பத்தோடு செல்வோர் அப்பகுதியில் மிதிவண்டியைக் கப்பலில் ஏற்றிவிடுவதே அறிவுடைமை.

விட்ஸ்நாவிலிருந்து ரீகி மலைக்கு 1871இல் தொடங்கிய இரயில், ஐரோப்பாவின் முதல் மலைப் பற்சக்கர இரயிலாகும். நடந்து ஏறுவோர் மலைநடுவே ரீகி குளோஸ்டர்லியில் சற்றுத் தங்குக. அங்குள்ள சிற்றாலயம் பனிமய மாதாவுக்கு உரியது. தூத்துக்குடியில் கடற்காற்றிலும் வெயிலிலும் நாம் கொண்டாடும் அதே அன்னை, இங்கே மெய்யான பனிக்கு நடுவில் வீற்றிருக்கிறார். கோடையில் மாடுகளை உயரத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிச்செல்லும் மேய்ப்பர்களுக்காக எழுந்த திருத்தலம் இது. இப்பகுதி மலைகளில் இன்றும் சில மேய்ப்பர்கள் அந்தி சாயும்போது, பால் வடிகட்டும் மரப்புனலை வாயில் வைத்து, நான்கு திசையும் கேட்க வேண்டுதலைப் பாடுகின்றனர். இறைவனையும் அன்னை மரியாவையும் புனித அந்தோணியார் முதலான புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்து, மாட்டையும் மனிதரையும் இரவில் காக்குமாறு வேண்டுவர். குரல் எட்டும் தொலைவு வரை காவல் உண்டு என்பது நம்பிக்கை. ஆகவே உரக்கப் பாடுகிறார்கள்.

மூன்றையும் சேர்த்துச் செய்யும் பழைய பயணம் ஒன்று உண்டு. கருநிற அன்னையின் திருத்தலமான அயின்சீடல்னிலிருந்து யாக்கோபின் திருப்பயண வழி மலையேறி இறங்கிப் புருன்னனை அடைகிறது. (1905 முதல் 1931 வரை கொல்லம் ஆயராயிருந்த அலோசியுஸ் பென்சிகர் பிறந்த ஊர் அயின்சீடல்ன். 1930இல் கோட்டாறு தனி மறைமாவட்டமாகும் வரை குமரி நாட்டுத் தமிழ்ப் பங்குகள் அவர் பொறுப்பில் இருந்தன.) புருன்னனில் வழி நீருக்குள் முடிந்துவிடும். பயணிகள் படகில் டிரைப் துறைக்குக் கடந்து, பெக்கன்ரீட், ஸ்டான்ஸ் வழியே ஃப்ளூலி நோக்கி நடப்பர்.

ஸ்டான்ஸ் முதல் ஃப்ளூலி வரையுள்ள அரைநாள் வழியில் 1481 டிசம்பரில் ஒரு குரு இரவோடிரவாக விரைந்தார். நகர மாநிலங்களும் நாட்டுப்புற மாநிலங்களும் ஸ்டான்ஸில் கூடி, ஃப்ரைபூர்க், சோலோத்தூர்ன் நகரங்களைச் சேர்ப்பது பற்றிப் பூசலிட்டு, உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றன. ஸ்டான்ஸ் பங்குத்தந்தை ஹைமோ அம் குருண்ட், ரான்ஃப்டு பள்ளத்தாக்கில் வாழ்ந்த துறவி நிக்லவுசிடம் ஓடினார். நிக்லவுஸ் உழவர், நீதிபதியாகவும் இருந்தவர். 1467இல் மனைவி டொரொத்தேயாவின் இசைவோடு, பத்துப் பிள்ளைகள் உள்ள இல்லத்தை விட்டுத் துறவு பூண்டார். இல்லறத்தாராகிய நம் வாசகர்க்கு இச்செய்தி நெருடும், நெருடத்தான் வேண்டும். இசைவளித்த டொரொத்தேயாவின் பங்கை நாம் போதிய அளவு பேசுவதில்லை. குடில் வீட்டிலிருந்து சிறிது தூரமே.

ஹைமோ திரும்பி வந்தபோது தூதர்கள் ஊருக்குப் புறப்படும் நிலையில் இருந்தனர். வியர்க்க விறுவிறுக்க விடுதி விடுதியாய் ஓடி, கண்ணீரோடு அவர்களைத் தடுத்து, மீண்டும் உட்கார வைத்தார் என்று அக்காலத்து லூசேர்ன் வரலாற்று நூல் கூறுகிறது. உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. துறவி சொல்லியனுப்பிய சொற்கள் யாவை என்பது எங்கும் எழுதப்படவில்லை. 1487இல் இறந்த அவர் 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ரான்ஃப்டுக்குச் செங்குத்தான நடைவழி இறங்குகிறது. கீழே மெல்கா ஆற்றின் இரைச்சல். மேலே மரக்குடிலும் அதை ஒட்டிய சிற்றாலயமும். குடிலுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. அவருடைய கல்லறை சாக்சல்ன் ஆலயத்தில் உள்ளது. அங்கிருந்து சார்னன் ஏரியை ஒட்டி மிதிவண்டியில் வடக்கே சென்றால், பிலாத்துஸ் மலையடியில் ஆல்ப்னாக்ஸ்டாட் துறை வரும். லூசேர்ன் செல்லும் கப்பலை அங்கே பிடிக்கலாம்.