விழித்திரைப் புற்றுநோயும் மரபணு ஆலோசனையும்

மரபுவழிப் புற்றுநோய் என்றதும் மார்பகமும் சினைப்பையுமே பேசப்படுகின்றன. ஆயினும் அதன் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் கண் புற்றுநோயே ஆகும். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படும் இந்நோயில் கண்மணி வெளுத்துப் பளிச்சிடுவதும், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிவதும், மாறுகண் விழுவதும் முதல் அறிகுறிகளாகும். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

பதின்மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 என்னும் மரபணு, செல்கள் கட்டின்றிப் பெருகாமல் தடுக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அதற்கு இரு படிகள் உண்டு. இரண்டும் பழுதானால்தான் கட்டி உருவாகும் என்பதை 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் விளக்கினார். நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஒரு படி கருவிலேயே பழுதாகியிருக்கிறது; இரு கண்களிலும் கட்டி வருவது இவர்களுக்கே. இப்பழுது அவர்கள் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்ல 50 விழுக்காடு வாய்ப்புண்டு.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்நோய்க்குச் சிகிச்சையும், அதன் ஆய்வு நிறுவனத்தில் மரபணுச் சோதனையும் நடைபெறுகின்றன. மரபணு ஆலோசனை என்பது, மூன்று தலைமுறை உறவுகளை வரைபடமாக எழுதி, முதலில் நோயுற்ற குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து, பழுது கண்டறியப்பட்டால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் சோதித்து, முடிவின் பொருளை அவர்களுக்கு விளங்கச் சொல்வதாகும். பழுது இல்லாத தம்பி தங்கையர், மயக்க மருந்து கொடுத்து அடிக்கடி செய்யப்படும் கண் பரிசோதனையிலிருந்து விடுபடுகின்றனர். இது சிறிய ஆறுதல் அன்று.

சொந்தத்தில் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கமுள்ள மதுரைப் பக்கத்தில், தாய்மாமனை மணந்ததே காரணம் என்று தாயின் மேல் பழி போடுவது எளிது; ஆனால் அது நியாயமன்று. கருவிலேயே ஒரு படி பழுதாகியிருந்தாலே, மற்றதும் பின்னர் பழுதாகிக் கட்டி வரும் ஆபத்து உண்டாதலால் இந்நோய்க்கு உறவுத் திருமணம் காரணமாகாது. பழுதுள்ள குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு அது குடும்பத்தில் முன்பு இல்லாத புதிய மாற்றமே.

மதுரையின் விளாங்குடிப் பகுதியிலிருந்து நகரப் பேருந்தில் சென்றடையக்கூடிய தொலைவிலேயே இந்தச் சிகிச்சை, சோதனை வசதி இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு இந்நோய் வந்த குடும்பத்தினர், அடுத்த பிரசவத்துக்கு முன்பே ஆலோசனை பெற்று, பிறந்த குழந்தையின் கண்களை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.