பார்க்காமல் வாங்கும் சரக்கு!

கடையும் இல்லை, கிடங்கும் இல்லை, வியாபாரமோ அமோகம்! 1990-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 12 பொறியியலாளர்களுடன் தோன்றிய ஆர்ம் கம்பெனி, பல்லாண்டு காலம் ஒரு சில்லுகூட விற்கவில்லை. சில்லின் வடிவமைப்பை மட்டுமே பலருக்கும் உரிமம் கொடுத்தது. முதலில் கட்டணம், பிறகு சில்லுக்கு இவ்வளவு என்று ராயல்டி!

இச்சரக்குக்கு இணையத்தில் சந்தையும் உண்டு. பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ‘டிசைன் அண்ட் ரியூஸ்’ அத்தகையது. அங்கே பட்டியலைப் பார்க்கலாம். சரக்கைப் பார்க்க முடியாது. முழுவதையும் காட்டினால் நகலெடுத்துவிடுவார்கள். மறைத்தாலோ வாங்குகிறவர் தயங்குவார். வாங்கிய வடிவமைப்பில் பிழையிருந்தால், அதை நம்பிச் செய்த சில்லுகள் அத்தனையும் வீணாகலாம். ஆகவே பொதுவாக, ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தான பின்பே உள்விவரம் கைமாறும்.

வியாபாரம் புதிது, மூலதனம் பழையதுதான். அதன் பெயர் நாணயம்!