கூடவே வாழ்கிறார்களாம்!

2017 மார்ச் மாதக் கடைசியில், தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் கூடி அடித்தார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவனின் சாவுக்கு அந்தக் கறுப்பர்கள்தான் காரணம் என்று எவரோ கிளப்பிவிட்ட வதந்தி. கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்துக்குள் மாணவன் ஒருவனைச் சூழ்ந்துகொண்டு தாக்கியதைப் படச்சுருளில் நாடே பார்த்தது. இது இனவெறி என்று ஆப்பிரிக்க நாட்டுத் தூதர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். இல்லவே இல்லை என்றது மத்திய சர்க்கார்.

அந்தச் சமயத்தில்தான் அல் ஜசீரா தொலைக்காட்சியில் பேச வந்தார் தருண் விஜய். பாரதீய ஜனதாக் கட்சியின் முன்னாள் ராஜ்ய சபை உறுப்பினர், ஆர்.எஸ்.எஸ். வார ஏடான பாஞ்சஜன்யத்தின் முன்னாள் ஆசிரியர். நாங்கள் இனவெறியர்கள் என்றால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தெற்கு முழுவதோடும் ஏன் சேர்ந்து வாழ்கிறோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பு மக்கள் இருக்கிறார்களே என்று அவர் வாதாடினார். நாடு கொதித்தது. பார்லிமெண்டில் கூச்சல் எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். சொல்ல வந்தது வேறு, சொற்கள் சரியாக அமையவில்லை என்றார்.

அவர் தமிழ் விரோதி அல்ல. இதை மறைப்பது நேர்மையாகாது. வள்ளுவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். 2016இல் கங்கைக் கரை ஹரித்துவார் வரைக்கும் வள்ளுவர் சிலையைக் கொண்டு போனவர். தமிழன்பர் என்று நம்மவர்களே மாலை போட்டு வரவேற்ற மனிதர். வெறுப்பே இல்லாத ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் எப்படி வந்தது? இதுதான் கேள்வி. வெறுப்பவன் திட்டினால் அதில் ஆராய ஒன்றுமில்லை.

அவர் பேசியது இங்கிலீஷில். தமிழில் பேசியிருந்தால் முதல் சொல்லிலேயே பிடிபட்டிருப்பார். நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். விலக்கி நிறுத்தினால் நாங்கள். ‘ஏன் அவர்களோடு வாழ்கிறோம்’ என்ற வாக்கியத்தை எந்தப் பண்டிதர் மொழிபெயர்த்தாலும் அதற்கு எழுவாயாக ‘நாங்கள்’ என்றுதான் போட முடியும். வீட்டுக்காரன் ஒருவன் இருக்கிறான்; அவன் பெருந்தன்மையோடு திண்ணையில் இடம் கொடுத்திருக்கிறான்; அந்தத் திண்ணையில் இருக்கிறவர்கள் நாம். இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது என்பதால்தான் இதை இனவெறி என்கிறோம்.

‘கூடத்தானே வாழ்கிறோம்’ என்பது தஞ்சை ஜில்லாக்காரனுக்குப் புதிய வாதமும் அல்ல. இந்த வண்டல் பூமியில் மிராசுதாரும் பண்ணையாளும் தலைமுறை தலைமுறையாகக் கூடத்தான் வாழ்ந்தார்கள். பண்ணையாளின் மனைவி ஆண்டை வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளினாள். அவர்களுடைய பிள்ளை ஆண்டையின் மாட்டை மேய்த்தான். விதைப்பு முதல் கண்டுமுதல் வரை ஒரே வயல், ஒரே களம். ‘எங்கள் பண்ணையில் இத்தனை குடும்பம் இருக்கிறதே, எங்களுக்கா துவேஷம்?’ என்றுதான் அந்தக் காலத்துப் பெரிய பண்ணைக்காரர்கள் கேட்டிருப்பார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தது இந்தக் கூட்டு வாழ்க்கையில்தான்.

அந்த வழக்கத்துக்கு முடிவு கட்ட 1943இல் இந்த ஜில்லாவுக்கு வந்தவர் பி. சீனிவாசராவ். தமிழர் அல்ல, கன்னடக்காரர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தமிழும் கரடுமுரடானதுதான். ஆனால் சேரிக்குள் போனார், அங்கே கிடைத்த கஞ்சியைக் குடித்தார், அங்கேயே படுத்தார். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் சங்கக் கொடி ஏறியது. 1961இல் அவர் மறைந்தபோது இந்த ஜில்லா தன் சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தது போல அழுதது. ‘அவர்களோடு வாழ்கிறேன்’ என்று தொலைக்காட்சிக்காரனிடம் சாட்சி சொல்லும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

இன்னொரு வாக்கியமும் இந்த ஜில்லாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். மேல்முறையீட்டில் நிலப்பிரபுக்களை விடுவித்த சென்னை ஹைக்கோர்ட்டு, ஏராளமான நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்தில் எழுதியது. அதை எழுதிய நீதிபதிகளுக்கும் அந்த மக்கள் மீது தனிப்பட்ட பகை எதுவும் இருந்திருக்காது. பகையே வேண்டியதில்லை. யார் சொல் எடைபோடும், யார் சொல் எடைபோடாது என்ற கணக்கு மனதில் முன்பே போட்டாகிவிட்டது.

2024 மே மாதம் சாம் பிட்ரோடா முறை வந்தது. கிழக்கே இருப்பவர்கள் சீனரைப் போல, மேற்கே அராபியரைப் போல, வடக்கே வெள்ளையரைப் போல, தெற்கே ஆப்பிரிக்கரைப் போல; ஆனாலும் எல்லாரும் சகோதரர்கள் என்று அவர் பேசினார். தோல் நிறத்தை வைத்து என் நாட்டு மக்களை அவமதிப்பதா என்று பிரதமர் மேடையில் சீறினார். தருண் விஜய் பேசிய நாளில் இந்தச் சீற்றம் எங்கே போயிருந்தது என்று கேட்பது நமது உரிமை. பிட்ரோடா அயல்நாட்டுக் காங்கிரஸ் தலைமையிலிருந்து உடனே விலகினார். அடுத்த மாதமே அதே நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். காங்கிரஸ் நாடகம்! அவர் பேச்சு அசட்டுத்தனம். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம். அவர் எல்லாரையும் அந்நிய முகங்களோடு ஒப்பிட்டார். யாரையும் திண்ணைக்கு அனுப்பவில்லை.

நம்மைச் சங்கடப்படுத்துகிற விஷயம் இனிமேல்தான். இரண்டு தடவையும் தமிழ்நாட்டில் எழுந்த கோபத்தைக் கவனித்தோம். ‘எங்களைக் கறுப்பர் என்பதா? ஆப்பிரிக்கர் என்பதா?’ என்று பொங்கினார்கள். ஆப்பிரிக்கர் என்றால் அது வசவா? நொய்டாவில் அடிபட்ட மாணவன் எல்லாருக்கும் மறந்து போனான். முகப்பூச்சு விளம்பரத்தையும், சிவப்பான மணமகள் தேவை என்ற வரன் விளம்பரத்தையும் காசு வாங்கிப் போடுகிற பத்திரிகைகள், நிறவெறி ஒழிக என்று அதே இதழில் தலையங்கம் தீட்டின.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது தில்லையாடி. அந்த ஊரில் வேர் கொண்ட குடும்பத்தின் பெண் வள்ளியம்மை, தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கே நம்மவரைக் ‘கூலி’ என்று அழைத்த வெள்ளையர் ஆட்சியின் அநீதிச் சட்டங்களை எதிர்த்து 1913இல் சிறை புகுந்தாள். சிறையில் பிடித்த காய்ச்சல் 1914 பிப்ரவரி 22இல் அவள் உயிரைக் கொண்டு போயிற்று. வயது 16. 1915இல் காந்தியார் தில்லையாடிக்கே வந்து போனார். அதே காந்தியார் தமது ஆரம்ப காலத்தில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தி எழுதியிருக்கிறார் என்பதும் உண்மை. அதைக் காட்டித்தான் கானா பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் அவர் சிலையை அகற்றினார்கள். அவர் பிற்காலத்தில் மாறினார் என்பதற்கும் சான்று உண்டு. மகாத்மாவுக்கே மாற வேண்டியிருந்தது என்றால் தருண் விஜய்க்கு வெட்கம் எதற்கு?

நமது பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுவோம். 2022 மே மாதம், கோவைப் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அன்றைய உயர்கல்வி மந்திரி பொன்முடி, இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே பானிபூரி விற்பது யார் என்று கேட்டார். கைதட்டினார்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நமக்கு அவரோடு பேதமில்லை. ஆனால் திணிப்பவன் தில்லியில் இருக்க, அடி விழுந்தது தள்ளுவண்டிக்காரன் முதுகில்.

இப்போது தஞ்சை, திருவாரூர் வயல்களில் நடவு நடப்பது எப்படி என்று போய்ப் பாருங்கள். மேற்கு வங்காளத்திலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வந்து ஏக்கர் கணக்குக்கு ஒப்பந்தம் பேசி நடுகிறார்கள். நாற்றுப் பறிப்பது முதல் நடுவது வரை அவர்களே. படுக்கை மோட்டார் கொட்டகையில். தங்கள் பிழைப்பு போகிறதே என்று உள்ளூர்ப் பெண்கள் கவலைப்படுகிறார்கள், நியாயமான கவலைதான். குறைந்த கூலியைக் காட்டி இரண்டு பக்கத்தையும் மோதவிடுவது யாருக்கு லாபம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் அந்த வங்காளியின் பெயரை யாரும் கேட்பதில்லை. ‘வடக்கன்’ என்ற ஒரே பெயர்தான் எல்லாருக்கும்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த குறுவைக்கு முன்னால் கூலி நிர்ணய நோட்டீசையும் உறுப்பினர் ரசீதையும் வங்காளியிலும் அச்சடித்து, அந்த மோட்டார் கொட்டகைகளுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், அந்தக் கோஷ்டிகளிலேயே படித்த பையன்கள் இருக்கிறார்கள்.