ஒரே படுக்கையில் இரண்டு ஸ்கேன்

“சிடி ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, பெட்-சிடி வேறு எதற்கு?” புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. பெட்-சிடிக்குச் செலவும் கூடுதல்.

கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால் அதன் அளவு என்ன, எந்த ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறது என்று சிடி துல்லியமாகக் காட்டும். சிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருப்பது உயிருள்ள புற்றா, வெறும் தழும்பா என்பதை அதை வைத்துச் சொல்வது கடினம். அங்கேதான் பெட் கைகொடுக்கிறது. கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், பசித்த புற்றணுக்கள் அதை வாரி எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ஆனால் அந்த ஒளி சரியாக எந்த இடத்தில் என்பது பெட் படத்தில் மட்டும் பார்த்தால் பிடிபடாது.

முன்பு இரண்டையும் தனித்தனியே எடுத்துக் கணினியில் பொருத்தினார்கள். மண்டையோட்டுக்குள் அசையாத மூளைக்கு அது ஒத்துவந்தது. குடலும் கல்லீரலும் அப்படி அடங்கி இருப்பவை அல்ல. ஆளை நகர்த்தாமல் ஒரே படுக்கையில் இரண்டையும் எடுக்கும் கருவியை டேவிட் டவுன்சென்டும் ரொனால்டு நட்டும் உருவாக்கினர். அதன் முன்மாதிரி 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. 2000இல் ‘டைம்’ இதழ் அதை ஆண்டின் சிறந்த மருத்துவக் கண்டுபிடிப்பாகத் தேர்ந்தெடுத்தது.

அப்போதும் மூச்சால் வரும் சிக்கல் தீர்வதில்லை. சிடி சில நொடிகளில் முடிந்துவிடும். பெட் பல நிமிடங்கள் ஓடும். அதற்குள் உதரவிதானம் ஏறி இறங்குவதால், கல்லீரலின் உச்சியில் உள்ள கட்டி நுரையீரலில் இருப்பதுபோல் விழக்கூடும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருங்கள் என்று சொல்வதும் காரணத்தோடுதான். பேசினால் குரல்வளைத் தசைகளும் சர்க்கரையை இழுத்து ஒளிரும்.

காசநோய்க் கட்டியும் புற்றைப் போலவே ஒளிரும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. ஒளிர்வதைப் பார்த்து யாரும் இடிந்துபோக வேண்டாம். பல நேரங்களில் பயாப்ஸிதான் முடிவு சொல்லும்.

அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் தாளோடு நிறுத்தாமல், படங்கள் உள்ள குறுந்தகட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்குப் படம்தான் தேவை.