நிலவறைக்கு ஒரு குகைப் பாடம்

மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாய் வந்த திரிபிடகம், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில் அங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிந்தன.

இதே மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைகளில் நான் வியந்து நின்றது, பாறையின் நெற்றியில் உளியால் வெட்டிய சிறு விளிம்பைக் கண்டு. வழிந்துவரும் மழைநீர் அவ்விடத்திலேயே சொட்டிவிடும், உள்ளே புகாது. அதன் கீழே பழைய பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இன்று காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவையோ 18ஆம் நூற்றாண்டின. நீரைத் தடுத்தபின் அன்றோ சுவரைத் தீட்டினார்கள்!

மலைச்சரிவில் குடியிருக்கும் நம்மிற் சிலர் வீட்டின் கீழே ஓர் அறை உண்டு. அதில் நூல்களை வைக்க விரும்பும் ஆசிரியருக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலில் ஒரு முழப் பொலித்தீன் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விடுக. தாளின் பின்புறம் ஈரங் கண்டால் அது மண்ணிலிருந்து வருவது. வெளியே வாய்க்கால் வெட்டி, கூரைக்குப் பீலி பொருத்த வேண்டும். முன்புறம் கண்டால் அது காற்றின் ஈரம். வெயில் நாட்களில் சாளரத்தைத் திறந்துவைக்க வேண்டும். இதன் பின்னரே சுண்ணாம்பு பூசுக. எண்ணெய்ச் சாயம் ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவிடும். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, செங்கற்களின்மேல் நிறுத்துக.

என் கீழறையிலும் இம்முறையையே கைக்கொண்டேன். கைப்பணம் குறைவாயின் அதை முதலில் வெளிப்புறத்திற் செலவிடுவதே முறை. ஏடுகளைப் போரில் இழந்த மண்ணில் வாழும் நாம், நூல்களை ஈரத்துக்கேனும் பறிகொடாதிருப்போமாக.