கடலில் மிதக்கும் விருந்து

கப்பல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ரஜூலாவும் சிதம்பரமும்தான் நினைவுக்கு வரும். அவை பிழைக்க வந்தவர்களையும், ஊர் பார்க்கப் போனவர்களையும் சுமந்தவை. இதுவோ உண்ணவும் களிக்கவுமே கட்டிய கப்பல்!

பின்லாந்தில் கட்டப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்', 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்டது. 20 தளங்கள், 5,600க்கு மேற்பட்ட பயணிகள், அவர்களைக் கவனிக்க 2,350 ஊழியர்கள்.

சாப்பிடும் இடங்கள் மட்டுமே இருபதுக்கு மேல். 'விசார்ட் ஆஃப் ஓஸ்' இசை நாடகம், பனிச்சறுக்கு அரங்கம், உயரத்திலிருந்து நீரில் பாயும் சாகசம், பிள்ளைகளுக்கு ஆறு நீர்ச்சறுக்குகள் என்று பொழுதுபோக்குக்கும் குறைவில்லை.

ஆனால் வாசகர்களே, பணப்பையை மறந்துவிடாதீர்கள்! பெரிய உணவுக்கூடத்திலும் பஃபேயிலும் வயிறார உண்பது பயணச்சீட்டிலேயே அடக்கம், நாடகமும் அப்படியே. சிறப்பு உணவகங்களுக்கும், மது, குளிர்பானங்களுக்கும் தனிக் காசு. ஊழியர்களுக்கான அன்பளிப்பும் நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறும், கைக்குழந்தைக்கும் விலக்கில்லை.

எந்தக் கப்பலில் போவதானாலும் இவற்றை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் வேண்டுமானால் சீட்டுப் பதியும்போதே சொல்லிவிடுங்கள். இறங்கும் நாளில் பில்லைப் பார்த்து மலைக்க வேண்டியிராது.